கொம்பையாவின் மடி

செவக்காட்டூர் ஓடுதளத்திலிருந்து ஒரு ஆனி மாதச் சாயங்காலம் எஞ்சின் இல்லாத மரவிமானம் ஒன்று கொம்பையாவைச் சுமந்துகொண்டு மேலே எழும்பிப் போனபோது ஊரில் யாரும் ஆச்சரியப்படவில்லை. விமானம் பறக்கிற காட்சி எடுக்கப்போகிறோம் என்று சினிமாக்காரர்கள் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், சொன்னபடி அது பறந்தது, அவ்வளவுதான். ஆச்சரியப்பட்டவர்கள் சினிமாக்காரர்கள்தான். அவர்களும் அதை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

ஓடுதளம் என்பது இரண்டாம் யுத்தத்தின்போது வெள்ளைக்காரப் பட்டாளம் போட்டுவிட்டு மறந்துபோன சிமெண்டுத் தரை. ஊர்க்காரர்கள் அதில் மிளகாய் வற்றல் காயப்போட்டுவந்தார்கள். மெட்ராஸிலிருந்து வந்த டைரக்டர் ராஜரத்தினம், முதலாம் யுத்தத்தில் தாமாகவே போய்ச் சேர்ந்து பிரெஞ்சுக்காரர்களுக்காக ஆகாயத்தில் சண்டைபோட்ட இளைஞர்களைப் பற்றி 'மேகப்படை' என்று ஒரு படம் எடுக்கத் தொடங்கியிருந்தார். யாரும் கட்டாயப்படுத்தாமல், சம்பளத்தைக் கேட்காமல், துணியும் மரச்சட்டமும் சேர்த்துக் கட்டிய விமானங்களில் ஏறிப்போய்ச் செத்தவர்கள் அவர்கள் என்று கூடியிருந்த சனத்துக்கு அவர் விளக்கினார். காற்றில் மிளகாய் நெடி இருந்ததால் கேட்டவர்கள் எல்லாருடைய கண்ணிலும் தண்ணீர் வந்தது. டைரக்டருக்கு அந்த ஊர் ரொம்பப் பிடித்துப்போனது.

கதாநாயக நடிகர் அந்த மரவிமானத்தை ஒரு தடவை சுற்றிவந்து பார்த்துவிட்டு, உட்கார மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அவருக்குப் பதிலாக உட்கார ஊரில் யாராவது ஒருத்தர் வருவார்களா என்று கேட்டார்கள். செவக்காட்டூரில் 'யாராவது ஒருத்தர்' என்றால் அது கொம்பையாதான். கிணற்றில் ஆடு விழுந்தாலும், பள்ளிக்கூடத்துக்குள் பாம்பு நுழைந்தாலும், கோயில் கோபுரத்தில் முளைத்த ஆலஞ்செடியைப் பிடுங்க வேண்டியிருந்தாலும் ஊர் யாராவது ஒருத்தர் என்று சொல்லும். பஞ்சு மில்லில் மூட்டை தூக்கிக்கொண்டிருக்கும் கொம்பையா வந்து நிற்பான். தாய் தகப்பன் இல்லாத அவனை வளர்த்தவள் அக்கா செல்லவடிவு. அப்போது அவளுக்குக் கைப்பிள்ளையாக ஒரு பெண் இருந்தது, பெயர் கோமதி.

அவனுக்குத் தோல் தொப்பியும் கண்ணாடியும் கழுத்தில் நீளமான வெள்ளைத் துண்டும் மாட்டி உட்காரவைத்தார்கள். முதல் நாள் காமிரா ஓடிக்கொண்டிருக்கும்போதே அவன் கூட்டத்தில் அக்காவைக் கண்டு, பிள்ளைக்குக் குடை பிடிக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டான். டைரக்டர் கோபக்காரர் இல்லை, ஆனால் அன்றைக்குக் கத்தினார். "நான் கட் சொல்ற வரைக்கும் நீ யாருக்கும் தம்பி இல்ல, யாருக்கும் மாமன் இல்ல. எதிரியத் தேடிப் போற பைலட். புரியுதா?" புரிகிறது என்று கொம்பையா தலையாட்டினான். ஒரு தடவை தலையாட்டினால் ஆட்டியதுதான் என்று இருக்கிறவன் அவன்.

மறுநாள் விமானத்தை ஜீப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள், முன்னால் பெரிய காற்றாடி வைத்துத் தூசியைக் கிளப்பினார்கள், அந்த நேரம் பார்த்து மேற்கே மலைக்கணவாய் வழியாக ஆனிக் காற்றும் வந்து சேர்ந்தது. விமானம் எழும்பியது. பனைமர உயரத்துக்குப் போனது, அதைத் தாண்டிப் போனது, கண்மாய்க்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டுத் திரும்பி வந்தது. பிலிம் தீரும்வரை எடுத்தார்கள், வேறு பிலிம் மாட்டி எடுத்தார்கள், அதுவும் தீர்ந்தபோது வெளிச்சமும் போய்விட்டது. டைரக்டர் காமிராமேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்தச் சந்தோஷத்தில் உதவியாளன் கட் சொல்லியிருப்பான் என்று டைரக்டர் நினைத்தார், டைரக்டர் இருக்கும்போது நாம் எப்படிச் சொல்வது என்று உதவியாளன் நினைத்தான், கடைசியில் யாரும் சொல்லவில்லை. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, எதிரி விமானத்தோடு அடுத்த மாதம் வருகிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலையிலும் அவன் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, சாப்பிட இறங்கு என்று செல்லவடிவு கூப்பிட்டாள். இன்னும் கட் சொல்லவில்லையே என்றான். ஊரில் எல்லாரும் சொல்லிப் பார்த்தார்கள். தலைமையாசிரியர் சொன்னார், பஞ்சாயத்துத் தலைவர் சொன்னார், விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் மைக்கில் சொன்னார். எல்லாருக்கும் கும்பிடு போட்டுவிட்டு, சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று அவன் சுற்றிக்கொண்டேயிருந்தான். மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தார்கள். எதிரி விமானம் இன்னும் தயாராகவில்லை, பொறுத்திருக்கவும் என்று டைரக்டர் பதில் அனுப்பினார்.

ஊர் பொறுத்திருந்தது. ஆடுகளுக்குக் குழை பறிக்கிற தொரட்டிக் கம்புகள் இரண்டைச் சேர்த்துக் கட்டி, நுனியில் தூக்குவாளியை மாட்டிச் செல்லவடிவு தண்ணீர்த் தொட்டியின் மேல் நின்று நீட்டினால், அவன் தாழ வந்து போகிற போக்கில் எடுத்துக்கொள்வான், அடுத்த சுற்றில் காலி வாளியைத் திருப்பி மாட்டுவான். ரசம் சிந்தாமல் எடுக்க அவனுக்கும் சிந்தாமல் நீட்ட அவளுக்கும் கொஞ்ச காலம் பிடித்தது. மழை வந்தால் மேகத்துக்கு மேலே போய் உட்கார்ந்துகொண்டு, நனையாமல் வந்தான். மற்ற காரியங்களுக்குக் கண்மாய்க்குத் தெற்கே உடைமரக் காட்டுப் பக்கம் போய்வந்தான். அந்தத் திசையில் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்பது ஊரில் பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு.

அவன் சுற்றத் தொடங்கிய பிறகு கம்பங்காட்டில் கதிர் கொத்தக் குருவி இறங்கவில்லை. தங்கள் வயல் பக்கம் அவன் வருவதே இல்லை என்று வடக்குத் தெருக்காரர்கள் பஞ்சாயத்தில் முறையிட்டார்கள், செவ்வாயும் வெள்ளியும் வடக்கே சுற்றுவது என்று தீர்ப்பாயிற்று. காணாமல்போன மாடுகளை அவன் கண்டு சொன்னான். யார் யாரோடு பருத்திக்காட்டில் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதையும் கண்டான், அதைச் சொல்லவில்லை. இதனாலேயே இளவட்டங்கள் அவனுக்குப் பீடி அனுப்பினார்கள். தேர் ஓடும்போது சாமிக்கு மேலே ஆள் இருக்கலாமா என்று கோயில் பூசாரி ஒரு கேள்வி எழுப்பினார். கொம்பையா தேருக்குப் பக்கவாட்டில், விதானத்துக்கு ஒரு முழம் தாழ, செருப்பைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு கூடவே பறந்தான். பூசாரியும் அதை ஒத்துக்கொண்டார். தேர்தலில் அவன் எந்த வார்டு என்று குழப்பம் வந்தது. சோறு எந்த வார்டில் பொங்குகிறதோ அந்த வார்டு என்று அதிகாரி முடிவு சொன்னார், தொரட்டியில் வாக்குச்சீட்டு போய்வந்தது.

இப்படி எல்லாவற்றுக்கும் ஒரு வழி கிடைத்தது, ஒன்றைத் தவிர. கோமதிக்குக் காது குத்த முடியவில்லை.

அந்தப் பக்கத்தில் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். வேறு யார் மடியும் ஆகாது. செல்லவடிவுக்கு உடன்பிறந்தவன் ஒருத்தன்தான், அவன் மடி ஆகாயத்தில் இருந்தது. ஒரு வயதில் குத்த வேண்டியதை அடுத்த வருஷம் பார்ப்போம் என்று விட்டாள், அடுத்த வருஷமும் அப்படியே போனது. கோமதி நடந்தாள், பேசினாள், மாமனோடு மேலும் கீழுமாகக் கத்திக் கதை பேசப் பழகினாள், பள்ளிக்கூடத்திலும் சேர்ந்தாள். வெறுங்காதோடு போனவளை மற்றப் பிள்ளைகள் மொட்டைக் காது என்று கூப்பிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்து, தலைமுடியை எடுத்துக் காதை மூடி இழுத்துப் பின்னிவிடச் சொல்லி அம்மாவிடம் கேட்டாள். அன்றைக்குச் செல்லவடிவு சமைக்கவில்லை.

அவள் புருஷன் சங்கரபாண்டி ஒரு ஏற்பாட்டோடு வந்தான். அவளுக்குப் பெரியப்பா மகன் ஒருத்தன் கழுகுமலையில் இருந்தான், அவனும் அண்ணன் முறைதானே, அவன் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றான். ஊர்ப் பெரியவர்களும் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி செத்தா போயிட்டான், வேற மடி தேடுததுக்கு?" என்று செல்லவடிவு கேட்டாள். "அவன் கண்ணு முன்னால, அவன் தலைக்கு மேல சுத்திக்கிட்டு இருக்கும்போது, இன்னொருத்தன் மடியில எம்பிள்ளைய உக்கார வைக்கவா? பாத்துக்கிட்டே சுத்துவானா அவன்?"

சங்கரபாண்டி அதோடு அந்தப் பேச்சை விட்டான். அவனுக்கும் மச்சினன்மேல் பிரியம்தான். சாயங்காலங்களில் ஓடுதளத்தில் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டு, என்ன மாப்ள, எதிரி எங்கயாவது தட்டுப்படுதானா என்று கேட்பான். இல்ல அத்தான், வாடகை சைக்கிள்ல வாரானோ என்னவோ என்று மேலேயிருந்து பதில் வரும்.

ஒருநாள் காலைப் பத்திரிகையில் உள்பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்தது. சினிமா டைரக்டர் ராஜரத்தினம் மாரடைப்பால் காலமானார் என்று போட்டிருந்தது. அவர் எடுத்து முடிக்காத படங்கள் என்று கொடுத்திருந்த பட்டியலில்கூட 'மேகப்படை' பெயர் இல்லை. டீக்கடையில் அதை வாசித்த ஆள் இரண்டாம் முறை வாசிக்கவில்லை. கடையை மூடினார்கள். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டார்கள். டைரக்டருக்காக இல்லை என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சொல்ல வேண்டியவர் போய்விட்டார். இதைக் கொம்பையாவிடம் யார் சொல்வது என்று பேச்சு வந்தபோது ஊரில் முதல்தடவையாக யாராவது ஒருத்தர் கிடைக்கவில்லை. கடைசியில் செல்லவடிவே தொட்டிமேல் ஏறிப்போய்ச் சொன்னாள்.

அவன் தோல் தொப்பியைக் கழற்றினான். தலை பாதி நரைத்திருந்ததை ஊர் அன்றைக்குத்தான் பார்த்தது. ஒரு சுற்று போனான். திரும்ப வந்தபோது, "அப்ப இனிமே யாரு சொல்லுவா எக்கா?" என்று கேட்டான். அடுத்த சுற்றில் தூக்குவாளியை அவன் எடுத்துக்கொள்ளாமல் போனான்.

மூன்று வேளைச் சோறு அப்படியே திரும்பிய பிறகு செல்லவடிவு தச்சாசாரி வீட்டுக்குப் போனாள். அந்த மரவிமானத்தை மெட்ராஸ்காரர்கள் சொல்லச் சொல்லச் சட்டம் கோத்தவர் அவர்தான். எதிரியைத் தேடித்தானே அவன் சுற்றுகிறான், எதிரியை நாமே செய்து அனுப்பிவிடுவோம் என்று அவரிடம் சொன்னாள். கட் சொல்வதற்கு அது மாற்றா என்று ஆசாரி கேட்டார். மாற்றோ இல்லையோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவன் பக்கத்தில் போக வேறு வண்டி இல்லை என்றாள். முதலில் அவளுக்கு வேண்டியது அந்த மடிதான்.

ஊர் கூடிச் செய்தது. வேப்பமரமும் மூங்கிலும் அறுத்தார்கள், பழைய வேட்டிகளைக் கஞ்சி முக்கிச் சிறகில் ஒட்டினார்கள், சக்கரத்துக்கு இரண்டு பேர் சைக்கிளைக் கொடுத்தார்கள். எதிரி விமானம் சிவப்பாக இருக்கும் என்று டைரக்டர் சொன்னது ஆசாரிக்கு ஞாபகம் இருந்தது. சிவப்புப் பெயின்ட் கிடைக்கவில்லை, கோயில் மதிலுக்கு அடித்ததுபோக மிச்சமிருந்த காவியை அடித்தார்கள். அதனால் அந்தப் பக்கமாகப் போகிறவர்கள் தங்களை அறியாமல் எதிரி விமானத்தைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

யார் எதிரியாகப் போவது என்பதில்தான் காரியம் நின்றது. விமானத்தில் ஏறப் பயம் என்று யாரும் சொல்லவில்லை. கொம்பையாவுக்கு எதிரியாக இருக்க மனசு இல்லை என்றார்கள். வடக்குத் தெருவில் ஒருத்தனிடம் கேட்டதற்கு, செவ்வாயும் வெள்ளியும் என் கம்பைக் காத்தவனுக்கு நான் எதிரியா என்று சண்டைக்கு வந்தான். சங்கரபாண்டி வீட்டுக் கட்டிலிலேயே விழுந்துவிடுவோம் என்று சுவரோரம் படுக்கிறவன், அவனை யாரும் கேட்கவில்லை.

"நான் போறேன்" என்றாள் செல்லவடிவு. "பிள்ளையும் வாரா. பத்தரும் வாராரு."

நகை வேலை செய்கிற நெல்லையப்ப பத்தர் அப்போது கூட்டத்தில்தான் இருந்தார். அவரிடம் முன்கூட்டி யாரும் சொல்லியிருக்கவில்லை. தரையில் உட்கார்ந்துதான் தான் காது குத்திப் பழக்கம் என்று சொல்லத் தொடங்கினார். கோமதி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் ஊசியை எடுத்துவர வீட்டுக்குப் போனார்.

ஆனியில் நல்ல நாள் பார்த்தார்கள். பட்டுப்பாவாடை கட்டி, மாலை போட்டு, கோமதியை முன்னால் உட்காரவைத்தார்கள். தேங்காய், பழம், வெல்லம் கலந்த பச்சரிசி எல்லாம் ஒரு தாம்பாளத்தில் ஏறியது. பத்தர் பின்னால் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டார். காற்று வந்ததும், பேட்டரி இறங்கிய பஸ்ஸைத் தள்ளுவதுபோல் ஊர் முழுக்க விமானத்தைத் தள்ளியது. ஓடுதளம் முடிகிற இடத்தில் கைகளுக்குத் தள்ள ஒன்றும் இல்லாமல் போனது. முன்னால் தள்ளிய நாலைந்து பேர் குப்புற விழுந்தார்கள், விழுந்த வாக்கிலேயே அண்ணாந்து பார்த்தார்கள்.

கொம்பையா மேற்கேயிருந்து வந்துகொண்டிருந்தான். சிவப்பாக ஒன்று தன்னை நோக்கி வருவதைக் கண்டு, இத்தனை காலம் கழித்து, நிமிர்ந்து உட்கார்ந்தான். அவன் விமானத்தின் மூக்கில் துப்பாக்கி என்று வைத்திருந்தது தண்ணீர்க் குழாயின் ஒரு துண்டு. அதை இரண்டு கையாலும் பிடித்தான். இரண்டு விமானங்களும் நெருங்கின. தாம்பாளமும் மாலையும் அவன் கண்ணில் பட்டன.

"எக்கா, கிட்ட வராத. நீ எதிரி."

"ஆமா, எதிரிதான். சுடணும்னா சுடு. அதுக்கு முன்னால பிள்ளைய வாங்கு, நல்ல நேரம் போவுது."

அவன் குழாயை வேறு பக்கம் திருப்பிவைத்தான். வெறும் குழாய்தான், ஆனாலும் திருப்பிவைத்துவிட்டுத்தான் கையை நீட்டினான். இரண்டு சிறகுகளும் உரசுகிற அளவுக்குச் செல்லவடிவு பக்கத்தில் கொண்டுபோனாள். கோமதியைத் தூக்கிக் கொடுத்தாள். கைப்பிள்ளையாகப் பார்த்த பிறகு அவன் அவளைத் தொட்டது அப்போதுதான், கனத்தை எதிர்பார்க்கவில்லை, விமானம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. மடியில் உட்காரவைத்தபோது அவள் கால் அவன் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. செல்லவடிவு முந்தானையிலிருந்து கம்மல் இரண்டையும் எடுத்து அவன் கையில் வைத்து, நீ போடுவதுபோல் பத்தரிடம் கொடு என்றாள்.

பத்தர் கண்ணைத் திறந்தார். ஒரு கையால் கொம்பையாவின் சிறகைப் பிடித்துக்கொண்டு எட்டினார், செல்லவடிவு அவர் வேட்டியை இடுப்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். வேலை கைக்கு வந்ததும் அவருக்குப் பயம் போய்விட்டது, தலையை ஆட்டாதே தாயி என்று அதட்டக்கூடச் செய்தார். வலது காது குத்தியது கோமதிக்குத் தெரியவில்லை. ஊர் மேலேயிருந்து எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் தீப்பெட்டி அளவு இருந்தது. இடது காது குத்தும்போது தெரிந்தது. வீறிட்டு அழுதாள். அந்தச் சத்தம் கேட்டுக் கீழே சங்கரபாண்டி, என்ன செய்வதென்று தெரியாமல் ஓடுதளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடினான்.

மாமன்கள் செய்வதையெல்லாம் கொம்பையா செய்து பார்த்தான். வெல்லம் கலந்த அரிசியை வாயில் போட்டான், துப்பிவிட்டாள். அந்தா பார் தேர், அந்தா பார் கண்மாய், அந்தா ரயில் போகிறது என்று காட்டினான். எதையும் அவள் பார்க்கவில்லை. அவன் கழுத்தில் கிடந்த வெள்ளைத் துண்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டு தேம்பினாள்.

"கீழ போவணும் மாமா. தரைக்குப் போவணும்."

"போவலாம்டா. அழாத. இந்தா, இப்பப் போயிருவோம்" என்றான்.

அழுகிற பிள்ளையிடம் எல்லாரும் சொல்வதைத்தான் அவனும் சொன்னான். சொன்ன பிறகு அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தேம்பலை நிறுத்திவிட்டு, எப்போது என்பதுபோல் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்மாய்க்கு மேலே வழக்கமாகத் திரும்புகிற இடம் வந்தது. விமானம் திரும்பவில்லை. பனைகளைத் தாண்டி, தொட்டியைத் தாண்டி, நேராக ஓடுதளத்துக்கு வந்து, சிமெண்டில் இரண்டு தடவை குதித்து ஓடி, மிளகாய்க் குவியலுக்குள் புகுந்து நின்றது.

யாரும் கத்தவில்லை. அருகே போகவும் இல்லை. கொம்பையா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு காலைக் கீழே வைத்தான், அடுத்ததை வைத்தான், உடனே சிறகைப் பிடித்துக்கொண்டான்.

"அத்தான், பிள்ளைய வாங்குங்க. எனக்குத் தரை நிக்க மாட்டேங்குது."

சங்கரபாண்டி ஓடிவந்து பிள்ளையை ஒரு கையிலும் மச்சினனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டான். மாப்ள, மெதுவா, மெதுவா என்று சொல்லிக்கொண்டேயிருந்தான். இருவரும் அப்படியே மிளகாய் மேலேயே உட்கார்ந்தார்கள். தும்மினார்கள். ஊரே தும்மியது.

அப்புறம்தான் பத்தரின் மனைவி வந்து, எங்க வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டாள். எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். சிவப்பு விமானம் கண்மாய்க்கு மேலே தன்பாட்டுக்கு வட்டம் அடித்துக்கொண்டிருந்தது. செல்லவடிவு இறங்கும் வழி தெரியாமல் இரண்டு பக்கமும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்தர் மறுபடி கண்ணை மூடியிருந்தார்.

கொம்பையா எழுந்தான். நிற்க முடியவில்லை, சங்கரபாண்டியின் தோளைப் பிடித்துக்கொண்டான். கோமதியைத் திரும்ப வாங்கி, எல்லாருக்கும் உயரமாகத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தான். அவள் இரண்டு காதிலும் கம்மல் வெயில் பட்டு மின்னியது.

"எக்கா," என்று மேலே பார்த்துக் கத்தினான், "அங்கயும் இங்கயும் பாக்காத. பிள்ளைய மட்டும் பாத்துக்கிட்டே வா."

செல்லவடிவு பிள்ளையைப் பார்த்தாள். விமானம் மூக்கைத் தாழ்த்தியது.